இருபது பவுண்டு காற்று

போடியில் ஒருவன் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினான் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. மலையடிவாரத்து ஊரில் கப்பலாவது ஒன்றாவது என்று சிரிக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டினான். சிலமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அதை இறக்கவும் செய்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவன் என் கூட்டாளி. அவன் மேல் எனக்கு இருந்த பொறாமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் கூடவே வரும்.

அவன் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில், ஒரே வரிசையில் வாடகைக்குப் பிடித்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். கரண்டு வயர் போவதற்காக அதில் ஒரு ஓட்டை போட்டிருந்தோம். நாள் முழுக்க அந்த ஓட்டை வழியாகத்தான் பேச்சு. "மாப்ளே, டீ சொல்லவா?" என்பான். "சொல்லு" என்பேன். ஆறேழு வருடம் இப்படியே ஓடியது. அதுவரை அவன் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது.

மேலே மலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பிரித்தபோது, அங்கே கிடந்த பழைய டீசல் டேங்கு ஒன்றை அவன் விலைக்குக் கேட்டு, போடிமெட்டு வழியாக லாரியில் இறக்கிக் கொண்டுவந்தான். தடித்த இரும்பு. ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்காரலாம். எதற்கு என்று கேட்டதற்கு, "கெணத்துக்குள்ள எறங்கிப் பாக்கணும் மாப்ளே" என்றான்.

காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அடியில் பக்கவாட்டில் நீளமாகத் துளை போட்டிருப்பார்கள். சைடு போர் என்று பெயர். ஊற்று அதன் வழியாகத்தான் வரும். எந்தத் துளை அடைத்துக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கிணற்று நீர் முழுவதையும் இறைத்தாக வேண்டும். டேங்குக்குள் ஆள் உட்கார்ந்து, சங்கிலியில் இறங்கி, கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடலாம் என்பது இவன் யோசனை. தொங்குகிற டேங்கு துளைக்கு நேரே முகம் திருப்ப வேண்டுமே, அதற்குப் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி. விசிறியைச் சுற்ற ஒரு பழைய ஜீப்பு டைனமோ, பேட்டரி கொடுத்தால் அது மோட்டார் மாதிரி சுற்றும். சுற்றுகிற தண்டுக்காக ஆள் இருக்கிற இடத்தில் ஓட்டை போட அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் டைனமோவை ஓர் இரும்புப் பெட்டியில் அடைத்து டேங்குக்கு வெளியே மாட்டினான்.

அந்தப் பெட்டியால்தான் எல்லாம் வந்தது.

முதல் தடவை ஆளில்லாமல் இருபதடி இறக்கினார்கள். விசிறியின் தண்டு வெளியே வருகிற இடத்தில் கிரீஸும் கயிறும் திணித்து அடைத்திருந்தான். இருந்தும் தண்ணீர் உள்ளே போய் டைனமோ புகைந்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தான், சுற்றிக் கொடுத்தேன். இன்னும் தடித்த தகட்டில் பெட்டி செய்தான். தகடு தடித்தால் தண்டு இருக்கிற இடம் அடைத்துவிடுமா என்ன? இரண்டாம் தடவையும் புகைந்தது. மறுபடியும் சுற்றிக் கொடுத்தேன்.

எனக்கு விடை தெரியும். கோயம்புத்தூரில் ஒரு வருடம் வேலை பார்த்தபோது போர்வெல் மோட்டார்களை நூற்றுக்கணக்கில் பிரித்திருக்கிறேன். ஆழத்தில் கிடக்கிற அந்த மோட்டார்கள் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில்லை. உள்ளே முழுக்க எண்ணெயோ தண்ணீரோ நிரப்பி, அடியில் ஒரு ரப்பர் தட்டு வைத்திருப்பார்கள். வெளித்தண்ணீர் அந்த ரப்பரை அழுத்தும், ரப்பர் உள்ளே இருக்கிற எண்ணெயை அழுத்தும். வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவே. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் தண்ணீருக்கு உள்ளே வர என்ன அவசரம்? இதைச் சொல்ல எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். சுவரில் ஓட்டையும் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குள் ஊரே அவனைக் கப்பல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அவன் பட்டறை முன்னால் நின்றுதான் போயின. ஜீப்பில் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டி டேங்கைப் பார்த்தார்கள். டீக்கடையில் எனக்கு வழக்கமான டீ, அவனுக்கு மட்டும் கேட்காமலே ஸ்ட்ராங் டீ. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துப் போனார். படத்தில் அவன் டேங்கின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். ஓரத்தில் என் முழங்கை விழுந்திருந்தது. கீழே போட்டிருந்த செய்தியில் 'உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் உதவினார்' என்று ஒரு வரி. என் மனைவி அதை வெட்டி எடுத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "ஒங்க கைதான்னு நல்லாத் தெரியுதுங்க" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "அண்ணனுக்கு என்னா மூளை!" என்று சேர்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தொழிலே அப்படித்தான். லேத்தில் கடைந்தால் இரும்பு பளபளவென்று எல்லார் கண்ணிலும் படும். காயில் சுற்றினால் வார்னிஷ் அடித்து, மூடி போட்டு, போல்ட்டை முறுக்கிவிட வேண்டும். மோட்டார் ஓடுகிறவரை உள்ளே ஒருவன் கை இருக்கிறது என்று எவனும் நினைக்க மாட்டான். கருகினால்தான் என் ஞாபகம் வரும். இவ்வளவு நாள் அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, அந்த முழங்கைப் படத்துக்குப் பிறகு உறுத்த ஆரம்பித்தது.

மூன்றாம் தடவை அவன் என்னிடம் ஓடிவருவான், வழி கேட்பான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் வரவில்லை, தானே கண்டுபிடித்துவிட்டான். ஒருநாள் சுவர் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான். "மாப்ளே! காத்து! பொட்டிக்குள்ள காத்தடிச்சுட்டா தண்ணி எப்பிடி வரும்?" ஜீப்பு டியூப்பின் வால்வு ஒன்றைப் பெட்டியில் பொருத்தி, பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய்க் காற்று அடித்து இறக்கினான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கிட்டத்தட்ட என் விடைதான், எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று. வயிறு எரிந்தது எனக்கு. பள்ளிக்கூடத்தில் தெரிந்த கேள்விக்குக் கை தூக்காமல் உட்கார்ந்திருக்க, பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்து பதில் சொல்லிவிட்டது போல் இருந்தது.

காற்றில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் அழுத்தத்தைச் சுமந்துகொண்டு மேலே வருவதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும், மேலே வர வரத் தானே குறைந்துவிடும். அடைத்த காற்று அப்படியில்லை. கீழே தண்ணீரோடு சரிசமமாக நின்ற காற்று மேலே வந்த பிறகும் அதே முறுக்கோடு பெட்டிக்குள் இருக்கும், மேலே அதைத் தடுத்துப் பிடிக்கத் தண்ணீர் இருக்காது. பெட்டியின் மூடி சோற்றுத்தட்டு அகலம். அந்த அகலத்தில் இருபது பவுண்டு காற்று என்றால், மூடிக்குப் பின்னால் ஒரு ஜீப்பு ஏறி நிற்கிற கனம். அளவுக்கு மிஞ்சினால் தானே காற்றை வெளியே விடுகிற வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். அவன் வைக்கவில்லை. டியூப் வால்வின் ஊசியை அழுத்தினால் காற்று போய்விடும், அது போதும் என்று இருந்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குக்கர் வந்திருந்தது. ஒரு மத்தியானம் மனைவி அதன் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். "இதுல பருப்பு அடச்சுக்கிச்சுன்னா வெயிட்ட எடுத்தாலும் ஆவி போகாதுங்க. சத்தம் நின்னு போச்சே, ஆவி எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சுத் தொறந்தம்னு வச்சுக்கங்க, மூஞ்சி வெந்துரும்" என்றாள். எனக்கு உடனே அந்த வால்வு ஞாபகம் வந்தது. பெட்டிக்குள் தண்டைச் சுற்றிக் கிரீஸ் அப்பிக் கிடக்கிறது. டைனமோ சுற்றினால் நாலு பக்கமும் தெறிக்கும். வால்வின் உள்வாய் கிரீஸால் அடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அவன் பெட்டியைத் திறக்கிற விதம் வேறு இருந்தது. மூடியில் எட்டு போல்ட்டு. ஊசியை அழுத்தி, 'புஸ்' என்ற சத்தம் நின்றதும் மூடிக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாக முழுசாகக் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவான். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தானே முதலில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் மூக்கு மூடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருப்பான். மூடி விலகியதும் "சொட்டு இல்ல மாப்ளே!" என்று கத்துவான். காற்று வைத்து மூன்று தடவை சோதனை பார்த்தான். மூன்று தடவையும் அவன் முகத்துக்கு நேரே அந்த மூடி இருந்தது. மூன்று தடவையும் நான் கூட நின்றேன். சொன்னால் உடனே சரி செய்துவிடுவான், இன்னும் பெரிய ஆளாகிவிடுவான். அதனால் வாயைத் திறக்கவில்லை. இதை அப்படியே எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மழை முடிந்து கிணறு நிரம்பிய பிறகு ஆளோடு இறக்க நாள் குறித்தான். கிணற்றில் நாற்பதடித் தண்ணீர். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. கிணற்றுக்காரர் அறுபது வயதுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். "ஏ அப்பு, வெளிம்புல நிக்காத! வேடிக்க பாக்க வந்தவன் உள்ள விழுந்துராதய்யா!" என்று சத்தம். மூன்று கால் கம்பம் நட்டு, கனம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டி, டேங்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டியில் இருபது பவுண்டு அடித்தாகிவிட்டது. என் கூட்டாளி உள்ளே இறங்கி உட்கார்ந்து, மூடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பத்து நிமிடத்துக்கு மேல் காற்று தாங்காது என்று கணக்கு. எட்டாவது நிமிடம் உள்ளேயிருந்து டேங்கை மூன்று தடவை தட்டினான், சங்கிலி அதிர்ந்தது. தூக்கினோம். அந்த எட்டு நிமிடமும் அவன் உயிரோடு வர வேண்டுமே என்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது. டேங்கு தரையில் உட்கார்ந்து, மேல்மூடி திறந்து, வியர்வை வழிய அவன் தலை தெரிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். "கெழக்கால உள்ள போர்தான் அடச்சுக் கெடக்கு! மத்த ரெண்டும் நல்லாருக்கு!" என்றான். கிணற்றுக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் நெஞ்சு அடங்கியது. அடங்கிய இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"விசிறி சொன்னபடி திரும்புச்சு. பொட்டியத் தொறந்து காட்டுறேன், எல்லாரும் வாங்க" என்று கூட்டத்தைக் கூப்பிட்டான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வால்வு ஊசியை அழுத்தினான். புஸ்.

இரண்டு எண்ணுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

முந்தைய மூன்று தடவையும் நான் டீ ஆற்றுகிற நேரம் வரை அது சீறியிருக்கிறது. பஞ்சர் கடை வாசலில் நின்ற எவனுக்கும் தெரியும், ஒரு ஜீப்பு டயரின் காற்று இரண்டு எண்ணுவதற்குள் போகாது. நாக்கு அசையவில்லை. அசைக்கவில்லை என்று சொல்ல வேண்டுமோ என்னவோ, அது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.

அப்போதுதான் அவன் எழுந்தான். ஸ்பேனரை என் பக்கம் நீட்டினான்.

"நீ தொற மாப்ளே" என்றான். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "எல்லாரும் என்னையவே சொல்றீக. உள்ள சுத்துனது இவன் காயிலு. ரெண்டு தடவ கருகி ரெண்டு தடவ சுத்திக் குடுத்தான். இது இவன் பொட்டி. இவன்தான் தொறக்கணும்."

ஜனங்கள் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு மாதம் நான் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். கை தட்டவும் செய்தார்கள். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மூடிக்கு முன்னால் நின்றேன். அவன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

குத்துக்காலிட்டு உட்கார என்னால் முடியவில்லை.

"எல்லாரும் பின்னால போங்க" என்றேன். "இன்னும் தள்ளி. ஏ, அந்தப் பக்கமும் நிக்காதீக." கிணற்றுக்காரர், "என்னப்பா, என்ன விசயம்?" என்றார். செயின் பிளாக்கை மறுபடி மாட்டி டேங்கைக் கொஞ்சம் தூக்கி, மூடி கிணற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பச் சொன்னேன். கூட்டாளி ஒன்றும் கேட்காமல் சங்கிலியை இழுத்தான். லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது வளையம் தெறிக்காமல் இருக்கச் சங்கிலி சுற்றுவார்களே, அதே மாதிரி மீதிச் சங்கிலியை மூடிக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு பக்கவாட்டில் தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி, எட்டு போல்ட்டையும் ஒன்றையும் கழற்றாமல் இரண்டிரண்டு மரை மட்டும் தளர்த்தினேன். எட்டாவது போல்ட்டு தளர்ந்தபோது வெடித்தது.

வேட்டுப் போட்டது போலச் சத்தம். மூடி தளர்த்திய அளவுக்குத் துள்ளி எட்டு போல்ட்டுத் தலையிலும் மோதி நின்றது. இடுக்கில் இருந்த ரப்பர் வளையம் பிய்த்துக்கொண்டு போய் கிணற்றின் எதிர்ச் சுவரில் அடித்தது. கறுப்புக் கிரீஸ் தண்ணீர் மேல் சிதறியது. காக்காய்கள் எல்லாம் பறந்தன. போல்ட்டுகளைக் கழற்றி டப்பாவில் போட்டிருந்தால் அந்த மூடி எங்கே போயிருக்கும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

கிணற்றுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏய்யா, நல்ல வேளய்யா! இவன் மட்டும் இல்லாட்டி இன்னக்கி ஒரு உசுரு போயிருக்கும்" என்று என் தோளைத் தட்டினார். நாலைந்து பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். கெட்டிக்காரன் என்றார்கள். அவ்வளவு பேர் என்னைப் புகழ்ந்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

என் கூட்டாளி மட்டும் கிட்ட வரவில்லை. வளைந்து போன மூடியைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான், நான் சுற்றிய சங்கிலியைப் பார்த்தான். இரும்பில் வேலை செய்கிறவன். ஒருவன் கை தயங்கித் தயங்கிக் கண்டுபிடிக்கிறதா, முன்பே யோசித்து வைத்ததைச் செய்கிறதா என்று அவனுக்குத் தெரியாதா? கூட்டம் கலைந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டான்.

"ஒனக்கு இது எப்பருந்து தெரியும் மாப்ளே?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "மொதத் தடவ காத்தடிச்சதுலருந்து" என்றேன்.

"நான் மூஞ்சிய வச்சுக்கிட்டு மூணு தடவ தொறந்தேன்ல?"

"ஆமா."

"நீ கூடத்தான நின்ன?"

"ஆமா."

அவன் திட்டவில்லை. "சரி, எப்பிடிச் செய்யணும்னு சொல்லு" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் எது என்று கேட்டான், டிரான்ஸ்பார்மர் ஆயில் என்றேன். ரப்பர் தட்டுக்கு ஜீப்பு டியூப்பை வெட்டிக்கொள்ளலாம் என்றேன். பெட்டியைச் சாய்த்து வைத்து, ஒரு காற்றுக் குமிழிகூட நிற்காமல் ஊற்ற வேண்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அவன் மனசில் பாதி எனக்கு இருந்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த நேரத்தைச் செலவழித்திருப்பேன். அவன் ஸ்பேனரை நீட்டாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் கத்தியிருப்பேனா என்று அவன் கேட்கவே இல்லை. அதை நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியை நான் சொன்னபடியே செய்தான். அடுத்த இரண்டு வருடம் அந்த டேங்கு பல கிணறுகளில் இறங்கியது. தேவாரம் ஊர் வரைக்கும் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் ஒரு தடவைகூடத் தண்ணீர் போகவில்லை. சுவர் ஓட்டை வழியாக அப்போதும் பேசுவான். கரண்டு போச்சா, வந்துச்சா என்று கேட்பான். டீ சொல்லவா என்று மட்டும் கேட்க மாட்டான்.

ஒரு நாள் காலை கடை திறக்கும்போது அவன் சாக்குப் பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். பையின் வடிவத்திலேயே தெரிந்தது, அந்த டைனமோதான். ஓடி ஓடித் தேய்ந்து காயில் போயிருக்கும். "எங்க கெளம்பிட்ட?" என்றேன். "தேனி வரைக்கும் ஒரு சோலி. வெரசா வந்துருவேன்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். சுவரின் அந்தப் பக்கம் டைனமோ ஓடுகிற சத்தம் கேட்டது. ஓட்டையில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல சுற்று, இழுவையே இல்லை. தேனியில் அதைச் சுற்றியவன் யார், கிழவனா இளவட்டமா, எதுவும் எனக்குத் தெரியாது. கப்பல்காரன் மேல் இருந்த பொறாமை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துத்தான் அன்றைக்கு என் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.